ஒரு அங்கஸ் அதிகம்

“ஹெக்டர், கோயில் மைதானம் என் பேருக்கு வந்திருக்கு. கையில கடுதாசி இருக்கு. இனிமே என்னைக் கேட்டுட்டுத்தான் புல்லு வெட்டணும்னு பாதிரியார்கிட்ட சொல்லிடு.”

தொலைபேசியில் பேசியது பாஸ்டன் அங்கஸ். குரலில் அப்படி ஒரு நிறைவு.

“மைதானம் மட்டுமா வந்திருக்கு?” என்று ஹெக்டர் மெதுவாகக் கேட்டார்.

“இரு, படிக்கிறேன். படகுத்துறை, பாதி மலை, ரேடியோ அங்கஸ் வீடு, கேத்ரின் வீடு... ஏன்டா, நான் இவ்வளவு பெரிய ஆளா? பொண்டாட்டிகிட்ட படிச்சுக் காட்டினேன். எழுந்து நின்னு டீ ஊத்திக் குடுத்தா.”

ஹெக்டர் ரிசீவரை வைத்துவிட்டு எதிரே இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது. பச்சை எழுத்துகள் கண் சிமிட்டாமல் நின்றன.

ஸ்கெல்லி முனை கிராம அலுவலகத்தில் அந்தப் பெட்டி வந்து இறங்கியது போன மாதம்தான். கனடாவின் கேப் பிரட்டன் தீவில் இருக்கும் சின்னச் சின்ன ஊர்களின் பழைய காகிதங்களையெல்லாம் ஒரே களஞ்சியத்தில் போட்டுப் பூட்டப்போவதாக மாகாணத் தலைநகர் ஹாலிஃபாக்ஸிலிருந்து உத்தரவு. அதற்காக ஒரு மென்பொருள். பழைய அட்டைகளைப் படம் பிடித்து, உள்ளே இழுத்து, பெயர் வாரியாக வரிசைப்படுத்தி, கேட்ட நொடியில் எடுத்துக் கொடுக்கும் என்றார்கள். சொன்னபடியே எல்லாவற்றையும் உள்ளே இழுத்துவிட்டது. எடுத்துக் கொடுப்பதில்தான் தகராறு.

ஸ்கெல்லி முனையில் பாதிப் பேருக்கு மேல் கில்லிஸ். கில்லிஸ் வீடுகளில் மூத்த பையனுக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள். தாத்தாக்களில் முக்கால்வாசிப் பேர் அங்கஸ். ஆகவே கடைத்தெருவில் நின்று “அங்கஸ்!” என்று கூப்பிட்டால் நாய் உட்பட எல்லாரும் திரும்புவார்கள். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர். ஒரே ஒரு தடவை பாஸ்டன் போய், பனியில் ரயில் நின்றுவிட்டதால் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கியவர் பாஸ்டன் அங்கஸ். ஊரில் முதலில் ரேடியோ வாங்கியவர் ரேடியோ அங்கஸ். பட்டப்பெயர் இல்லாமல் ஸ்கெல்லி முனையில் ஒரு மனிதன் இருக்க முடியாது. இருந்தால், அவனைப் பற்றிச் சொல்வதற்கு ஊருக்கு எதுவும் இல்லை என்று பொருள்.

ஹெக்டர் கில்லிஸுக்குப் பட்டப்பெயர் இல்லை. அறுபது வயதாகியும் இல்லை. வெறும் ஹெக்டர்.

அவருக்கு முன்னால் அந்த அலுவலகத்தில் ஜெஸ்ஸி என்கிற அம்மாள் இருந்தார். ஊரிலுள்ள நிலம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதி மர அலமாரியில் அடுக்கியவர் அவர்தான். ஞானஸ்நானப் பெயரை மையால் எழுதுவார். பட்டப்பெயரை மூலையில், பென்சிலால், சிறியதாக எழுதுவார். சர்க்கார் அட்டையில் பட்டப்பெயரை மையால் எழுதுவது மரியாதைக் குறைவு என்பது அவர் கட்சி. எழுதாமல் விட்டால் யார் என்றே தெரியாது என்பது ஊர் நிலவரம். இரண்டுக்கும் நடுவே பென்சில்.

ஹாலிஃபாக்ஸ்காரர்களின் இயந்திரத்துக்கு மை தெரிந்தது. பென்சில் தெரியவில்லை. அட்டைகளைப் படம் பிடித்து முடித்ததும் அங்கேயே கூழாக்கிவிட்டார்கள்.

அப்புறம் கம்ப்யூட்டர் ஹெக்டரிடம் ஒரு கேள்வி கேட்டது. *ஒரே மாதிரியான பதிவுகள் நிறைய உள்ளன. ஒன்றாக இணைக்கலாமா?*

ஹெக்டர் யாரிடமும் இல்லை என்று சொல்லிப் பழகாதவர். ஆம் என்று அழுத்தினார். ஊரிலிருந்த அங்கஸ் கில்லிஸ்கள் அத்தனை பேரும் ஒரே ஆளாகிவிட்டார்கள். ஊருக்குள் நுழைந்ததும் முதல் வீடு பாஸ்டன் அங்கஸுடையது என்பதால், ஹாலிஃபாக்ஸ் அனுப்பிய கடிதம் அவருக்குப் போனது.

வெண்டி ஹார்ட்லின் என்கிற அம்மாள்தான் இந்த வேலைக்கு மேலதிகாரி. ஹெக்டர் அவருக்குத் தொலைபேசி போட்டார்.

“பிரிச்சுடலாம் மிஸ்டர் கில்லிஸ், அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல” என்றார் வெண்டி. “ஆனா ஒருத்தரை இன்னொருத்தர்கிட்டேருந்து வேறுபடுத்த ஏதாவது ஒரு குறிப்பு வேணும். நடுப்பெயர் இருக்கா?”

“இருக்கு மேடம். எல்லாருக்கும் ஜான்.”

அந்தப் பக்கம் எதையோ எழுதி அடிக்கும் சத்தம் கேட்டது.

“வேற என்ன வச்சு உங்க ஊர்ல ஆளை அடையாளம் சொல்வீங்க?”

“அது வந்து... வேற மாதிரி சொல்வோம்.”

“அதையே போடுங்க. வெள்ளிக்கிழமை நான் வந்து களஞ்சியத்தைப் பூட்டிடுவேன். அதுக்கப்புறம் ஒரு எழுத்து மாத்தணும்னாலும் கோர்ட்டுக்குத்தான் போகணும்.”

ஹெக்டர் உட்கார்ந்தார். பென்சில் எழுத்துகள் போய்விட்டாலும் அவர் தலைக்குள் இருந்தன. வெளியே விரிகுடாவில் பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன. இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

*ரேடியோ.* தட்டும்போதே அந்த ஜன்னல் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஹாக்கி ஆட்டம் என்றால் ஊரே அந்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே பனியில் நிற்கும். உள்ளே இடமிருந்தாலும் யாரும் போகமாட்டார்கள். போனால் பூட்ஸைக் கழற்ற வேண்டும், காலுறையில் ஓட்டை தெரியும். கடைசி ஆட்டப் பகுதியில் பேட்டரி தீர்ந்துவிடும். முடிவு தெரியாமலே சண்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். திங்கட்கிழமை பேப்பர் வரும்வரை இரண்டு அணியுமே ஜெயித்திருக்கும்.

*வாசல்.* வாசல் அங்கஸ் யார் வீட்டுக்கு வந்தாலும் உட்கார மாட்டார். “இல்ல, கிளம்பிட்டேன்” என்று தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் பேசுவார். கதவு பாதி திறந்திருக்கும். வீட்டிலுள்ளவர்கள் கோட்டு போட்டுக்கொண்டு சாப்பிடுவார்கள்.

*அடுத்தவாரம்.* இந்த அங்கஸ் இப்போது இல்லை. ஊரில் பாதிப் பேருக்குக் கூரை சரிசெய்து தருவதாகச் சொன்ன தச்சர். அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு நாள் இறந்துபோனார். அடக்கத்தன்று கோயில் கூரை ஒழுகியது. அதுவும் அவர் ஒப்புக்கொண்டிருந்த வேலை. ஊர் அழுதுகொண்டே சிரித்தது. நிலம் இன்னும் அவர் பெயரில்தான் இருந்தது. மனைவி கேத்ரின் மாற்றவில்லை.

*அவசரம்.* இதற்கு விளக்கம் தேவையில்லை.

எல்லாவற்றையும் தட்டி முடித்தபோது ஹெக்டருக்குப் பழைய நாட்களில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்த மாதிரி இருந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு பொத்தானை அழுத்தினார். மாற்றம் செய்த ஒவ்வொரு பதிவுக்கும் அந்த மென்பொருள் தானாகவே ஒரு கடிதம் அச்சடிக்கும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அச்சடித்தவை மேஜையில் குவிந்தன. தபால்காரர் வழக்கம்போல வந்து, மேஜையிலிருந்ததை வாரிக்கொண்டு போனார். ஹெக்டர் அப்போது பின்னறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அலுவலகக் கதவு தட்டப்படாமல் திறந்தது.

“அவசரமா? நானா?” கதவு சுவரில் மோதித் திரும்பி வந்து அவர் முழங்கையிலேயே இடித்தது. “திரு. அவசர அங்கஸ் கில்லிஸ்! சர்க்கார் முத்திரை வேற! யாருடா சொன்னது நான் அவசரக்காரன்னு?”

“கடிதத்தை முழுசாப் படிச்சியா?”

“அதுக்கெல்லாம் எங்கடா நேரம்?”

பின்னாலேயே வாசல் அங்கஸ் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கு, கிளம்பிவிட்டதாகச் சொன்னார். ரேடியோ அங்கஸ் வந்து, இந்தப் பெயர் சர்க்காருக்கே தெரிந்துவிட்டதே, பழைய ரேடியோ லைசென்ஸ் கேட்பார்களா என்று கவலைப்பட்டார். பாஸ்டன் அங்கஸ் கோயில் மைதானம் கைவிட்டுப் போன துக்கத்தில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டில் இப்போது டீயை அவரே ஊற்றிக் குடிக்க வேண்டியிருந்தது.

கேத்ரின் வந்தபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள். கையில் கடிதத்தைப் பிரித்து வைத்திருந்தாள். *திரு. அடுத்தவாரம் அங்கஸ் கில்லிஸ்.* ஹெக்டர் முந்திக்கொண்டார்.

“கேத்ரின், அது வந்து, மெஷின் தானா...”

“அவரு பேருக்குக் கடுதாசி வந்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா” என்றாள் அவள். “வாசல்ல வாங்கினதும் உள்ளே திரும்பி ‘உங்களுக்குத்தான்’னு கூப்பிட்டுட்டேன். பைத்தியக்காரி மாதிரி.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பதில் போடணுமா?”

“வேண்டாம்.”

“போட்டாலும் அடுத்த வாரம்தான் போடுவாரு” என்று அவளே சொன்னாள். அறை முழுக்கச் சிரித்தது. யாரோ டீக்கு அடுப்பைப் பற்றவைத்தார்கள். ஓட்ஸ் ரொட்டிப் பொட்டலம் ஒன்று எங்கிருந்தோ வந்தது. எத்தனையோ வருஷமாக ஆள் நடமாட்டமில்லாத அந்த அலுவலகத்தில் கோட்டு மாட்ட ஆணி போதவில்லை.

அந்தச் சந்தடியில்தான் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்த வாசல் அங்கஸ், “ஹெக்டர், இங்க ஒரு அங்கஸ் அதிகமா இருக்கே” என்றார்.

இருந்தது. ஊரிலுள்ள அங்கஸ்களுக்கெல்லாம் பட்டப்பெயர் போட்டாகிவிட்டது. இறந்தவர்களுக்கும் போட்டாகிவிட்டது. பட்டியலின் அடியில் ஓர் அங்கஸ் கில்லிஸ் மட்டும் குறிப்பு எதுவுமில்லாமல் தனியாக நின்றார். எந்த நிலம் என்று ஹெக்டர் பொத்தானை அழுத்திப் பார்த்தார்.

*கலங்கரை விளக்கச் சாலை, கடைசி வீடு. உரிமையாளர்: ரோரி கில்லிஸ். அவருக்குப் பின் மகன் அங்கஸ்.*

அந்த வீடு ஹெக்டருடையது. ரோரி கில்லிஸ் ஹெக்டரின் அப்பா.

ஹெக்டர் தன் பெயரைத் தட்டித் தேடினார். *ஹெக்டர் கில்லிஸ்: பதிவு எதுவும் இல்லை.* மறுபடியும் தட்டினார். இல்லை என்பதில் மென்பொருளுக்குச் சலிப்பே இல்லை.

இத்தனை வருஷத்தில் அவர் தன் வீட்டு அட்டையை எடுத்துப் பார்த்ததே கிடையாது. எதற்குப் பார்க்க வேண்டும்? அப்பா வீடு, ஒரே பிள்ளை. அந்த ஒரே என்ற சொல்தான் இப்போது ஆட்டம் கண்டது.

“உங்கப்பா கல்யாணத்துக்கு முன்னாடி அமெரிக்காவுல மெயின் பக்கம் மரம் வெட்டப் போனாரில்ல?” என்றார் ரேடியோ அங்கஸ், ரொம்ப மெதுவாக.

“போனா?”

“இல்ல, சும்மா. குளிர்காலம் நீளம்ல.”

அன்று மதியம் ஹெக்டர் இன்னொரு தவறு செய்தார். தன்னைத் தானே களஞ்சியத்தில் சேர்த்துவிடலாம் என்று பெயர், வீடு எல்லாம் தட்டினார். *இந்த நிலத்துக்கு ஏற்கனவே உரிமையாளர் உள்ளார். உரிமைத் தகராறு என்று பதிவு செய்து, சம்பந்தப்பட்டவருக்கு அறிவிக்கலாமா?* அவர் ஆம் என்று அழுத்தினார். சம்பந்தப்பட்டவர் அங்கஸ் கில்லிஸ். மென்பொருள் பாரபட்சம் பார்க்காமல் எல்லா அங்கஸ் கில்லிஸ்களுக்கும் அறிவித்துவிட்டது.

செய்தி கேட்ட ஜொஸெட் கரண்டியைக் கீழே வைத்தாள். ஹெக்டரின் மனைவி அவள், அதே தீவின் ஷெட்டிகாம்ப் பக்கத்துப் பிரெஞ்சுக்காரி. கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் இந்த ஊரை வேடிக்கை பார்ப்பதை நிறுத்தாதவள்.

“அப்போ இந்த வீடு நம்மளுதில்ல?”

“மெஷின் அப்படிச் சொல்லுது.”

“நான் அப்பவே நெனச்சேன். பட்டப்பேரே இல்லாத ஆளை இந்த ஊர்ல உன்னைத் தவிர நான் பார்த்ததில்ல. உன்னை எங்கேயாவது கண்டெடுத்திருப்பாங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஹெக்டர் சிரிக்கவில்லை. அவள் அதைக் கவனித்து, மீன் சூப்பில் அவருக்கு மட்டும் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

அவர் சூப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அம்மா நான் நடக்கறதுக்கு முன்னாடியே போயிட்டா. அப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல, ஜொஸெட். ‘பையா’ம்பாரு. படகை இழு பையா, வலையைப் பிடி பையா. சாகறப்பவும் ‘பையா, கதவைச் சாத்து’ன்னாரு. எனக்கு அப்பல்லாம் அது பிடிச்சிருந்துச்சு. இப்போ யோசிச்சா... பேர் சொல்லிக் கூப்பிட வேற ஒரு பையன் இருந்தானோ என்னவோ.”

மறுநாள் அங்கஸ்கள் வீட்டுக்கே வர ஆரம்பித்தார்கள்.

பாஸ்டன் அங்கஸ் அளவு நாடாவோடு வந்தார். கொட்டகை எத்தனை அடி என்று சும்மா தெரிந்துகொள்ளத்தானாம். ரேடியோ அங்கஸ், வீடு தனக்கு வேண்டாம், யாரும் எடுத்துக்கொள்ளாவிட்டால் விறகு அடுப்பை மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வாசல் அங்கஸ் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, தனக்கு எதுவும் வேண்டாம், கிளம்பிவிட்டேன் என்றார். வீடு முழுக்கக் கடல் காற்று நிறைந்தது.

அவசர அங்கஸ் மட்டும் உள்ளே வந்து ஹெக்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி!”

“என்னது?”

“நான்தான்டா அது! ராத்திரி பூரா யோசிச்சேன். எங்கம்மா உங்கப்பாவோட ஒரு தடவை நடனம் ஆடியிருக்கா. ஊர் மண்டபத்துல. அவளே சொல்லியிருக்கா.”

“நடனம் ஆடினா பிள்ளை பொறக்குமாடா?”

“அன்னைக்கு ஃபிடில் வாசிச்சது யாருன்னு தெரியுமா? அப்படி வாசிப்பான்! இங்க பாரு.” அவர் ஹெக்டரைக் கண்ணாடி முன்னால் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார். “மூக்கைப் பாரு.”

இருவரும் மூக்கைப் பார்த்தார்கள். ஜொஸெட்டும் வந்து பார்த்தாள்.

“ரெண்டும் மூக்குதான்” என்றாள் அவள்.

ஆனால் ஹெக்டர் கொஞ்ச நேரம் கூடுதலாகவே பார்த்தார். சின்ன வயதில் வலை இழுக்கும்போது மறுமுனையில் அப்பாவுக்குப் பதிலாக ஓர் அண்ணன் இருந்தால் எப்படி இருக்கும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறார். அண்ணன் என்றால் பேசுவான். இந்த அவசரக்காரன்கூடப் பரவாயில்லை. நிறையப் பேசுவான்.

“உனக்கு என்னைவிட ஒரு வயசு கம்மிடா” என்றார் ஹெக்டர் கடைசியில். “அப்பா கல்யாணத்துக்கு முன்னாடின்னா நீ எனக்கு மூத்தவனா இருக்கணும்.”

அவசர அங்கஸ் யோசித்தார். அது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. “அட ஆமால்ல” என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மறந்து வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் வெண்டியிடமிருந்து அழைப்பு வந்தது.

“மிஸ்டர் கில்லிஸ், உங்க ஊர்லேருந்து ஒரு உரிமைத் தகராறு வந்திருக்கு. நாளைக்கு நான் பூட்டறதுக்குள்ள அந்த அங்கஸ் யாருன்னு சொல்லணும். சொல்லலைன்னா ‘உரிமையாளர் தெரியவில்லை’ன்னு போய்டும். நிலம் சர்க்கார் பொறுப்புக்கு வந்துடும். அதுல குடியிருக்கறவர் யாரு?”

“ஒரு ஆள் இருக்கான் மேடம்.”

“அவர்கிட்ட பிறப்புச் சான்றிதழ் இருக்கா?”

“கோயில் எரிஞ்சப்ப எங்க வயசுக்காரங்க ஞானஸ்நானப் பதிவு பூராவும் எரிஞ்சுபோச்சு. பள்ளிக்கூடத்துல வாத்தியார் எழுதினதுதான் எல்லாம். அதை வச்சுத்தான் லைசென்ஸ், கல்யாணம் எல்லாம்.”

“அப்போ பாவம்தான் அவர்” என்றார் வெண்டி. நல்ல மனசுக்காரி.

ஹெக்டர் ரிசீவரை வைத்தார். மறுநாள் விடிந்ததும் ஜொஸெட் அவருடைய கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“அட்டை எழுதினவ உயிரோடதானே இருக்கா?”

“இருக்கா. பட்டணத்து முதியோர் இல்லத்துல.”

“நினைவு?”

“எல்லாம் இருக்கு.”

“அப்புறம் ஏன் ரெண்டு நாளா அவளைத் தவிர ஊர்ல எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டிருக்கே?”

“அவகிட்ட கேட்டா சொல்லிடுவா, ஜொஸெட்.” அவர் கோட்டின் பொத்தானைத் தவறான ஓட்டையில் மாட்டினார். “அதான் பயம்.”

அவள் பொத்தானைக் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டாள். “வீடு போனா ஷெட்டிகாம்ப் போயிடலாம். எங்கண்ணன் வீட்டுல மேல்மாடி சும்மாதான் கிடக்கு. போய்க் கேட்டுட்டு வா.”

முதியோர் இல்லத்தின் கூடத்தில் வெள்ளிக்கிழமை காலை சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. ஜெஸ்ஸி அம்மாள் சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, எதிரே இருந்தவரின் சீட்டை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் கருவி. விரலில் இப்போதும் மைக்கறை. குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறாராம்.

“யாரு, ரோரி பையனா? வா வா. உட்காரு. இந்த ஆள் ஏமாத்தறான், நீ சாட்சி.”

ஹெக்டர் உட்கார்ந்தார். தொப்பியை மடியில் வைத்துச் சுற்றினார். பனிக்கட்டி எல்லாம் போய்விட்டதா என்று கேட்டார். போய்விட்டதாக அவரே பதிலும் சொன்னார்.

“என்னடா, பல்லு வலியா? மூஞ்சி இப்படி இருக்கு?”

“அக்கா, உங்க அட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்க.”

“ஏத்தட்டும்.”

“பென்சில் எழுத்து ஏறல.”

ஜெஸ்ஸி அம்மாள் சீட்டுகளை மேஜையில் கவிழ்த்து வைத்தார். அந்த மர அலமாரியும், அதன் பித்தளைப் பிடிகளும், ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் கூர்சீவிய பென்சிலால் தான் எழுதிய ஊரும் அவர் கண்ணுக்குள் ஒரு தடவை போய்வந்தன போலிருந்தது.

“போச்சா” என்றார். “அதுலதானேடா ஊரே இருந்துச்சு.”

“நான் ஞாபகத்துலேருந்து எல்லாருக்கும் போட்டுட்டேன் அக்கா. வாசலு, ரேடியோ, அடுத்தவாரம், எல்லாம். ஒரே ஒரு ஆளுதான் மிச்சம்.” தொப்பி சுற்றுவது நின்றது. “எங்கப்பாவுக்கு என்னைத் தவிர இன்னொரு பையன் இருந்தானா?”

“ரோரிக்கா? அவன் உங்கம்மாகிட்ட பேசறதுக்கே மூணு வருஷம் எடுத்துக்கிட்டவன். அவனுக்கு ஏதுடா இன்னொரு பையன்?”

“அப்போ வீட்டை ஏன் வேற ஆளுக்கு எழுதினாரு?”

“யாருக்கு எழுதினான்?”

“‘மகன் அங்கஸ்’னு இருக்கு. உங்க கையெழுத்துதான். மையால எழுதியிருக்கீங்க. அந்த ஆளை இன்னைக்குள்ள நான் கண்டுபிடிக்கலைன்னா வீடு போயிடும். அவன் உயிரோட இருக்கானா, எங்க இருக்கான், சொல்லிடுங்க. எனக்கு வருத்தமில்ல. இருந்தா... இருந்தா ஒரு தடவை பார்க்கணும், அவ்வளவுதான்.”

எதிரே சீட்டு வைத்திருந்தவர்கூட இப்போது ஏமாற்றுவதை நிறுத்திவிட்டார். ஜெஸ்ஸி அம்மாள் ஹெக்டரை மேலும் கீழும் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் நாற்காலி குலுங்கியது. காதுக் கருவி கழன்று மடியில் விழுந்து ஊளையிட்டது. அதை எடுத்து மாட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையை நீட்டி அவருடைய கன்னத்தைத் தட்டினார்.

“ஹெக்டர்ங்கிறது எங்க வீட்டுக் குதிரை பேருடா, அங்கஸ், பொறந்தப்ப நீ அது கனைக்கிற மாதிரியே அழுதே, ஊரே உனக்கு அந்தப் பேரை வச்சிடுச்சு.”